நாலு ரெண்டானது எப்படி?

"நாலு குடுத்தேன். ரெண்டுதான் திரும்பி வந்திருக்கு" என்றார் வீடியோக்காரர்.

"நாலு என்னது?" என்றார் கண்டக்டர்.

"கோர். கம்ப்யூட்டருக்குள்ள ப்ராசஸர்னு ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள இருந்து வேலை பாக்கறது இந்தக் கோர்தான். என்கிட்ட நாலு இருந்துச்சு."

கம்ப்யூட்டர் கடையின் ரிப்பேர் மேஜை மேல் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்த கம்ப்யூட்டருக்குள் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். உள்ளே தூசியும் ஒயரும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன.

"ஒண்ணு எவ்வளவு பெருசு இருக்கும்? தேடறதுக்குக் கேக்கறேன்."

"கண்ணுக்கே தெரியாதுங்க."

கண்டக்டர் மெதுவாகத் திரும்பித் தன் முதலாளியம்மாவைப் பார்த்தார். "மேடம், இருக்கறப்பவே கண்ணுக்குத் தெரியாத பொருள் இப்போ காணாம போயிருக்காம். நல்ல கேஸு."

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. அவர் அந்தக் காலத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தவர். வரிகளுக்கு நடுவே காணாமல் போன கால்களையும் கொம்புகளையும் கண்டுபிடித்தே கண்ணாடி தடித்துப் போனவர். அதோடு ஒப்பிட்டால் காணாமல் போன மனுஷர்களைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று தொழிலை மாற்றிக்கொண்டார். கண்டக்டர் அவரைவிட வயதில் மூத்தவர். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கிழித்து விரல் தேய்ந்த பிறகு உதவியாளராகச் சேர்ந்தவர். பஸ்ஸை விட்டாலும் பட்டப்பெயர் அவரை விடவில்லை, வாயும் விடவில்லை.

வழக்கு இதுதான். கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு ஒரு மனைவி, ஒரு தங்கை, ஒரு மச்சினன். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற அந்த மச்சினன்தான் இந்த வீடியோக்காரர். அவருடைய கம்ப்யூட்டர் ஒருநாள் கருகிய வாடையோடு நின்றுபோனது. கடையில் ரிப்பேர் மேஜை தங்கையுடையது. அவள், ப்ராசஸரை மாட்டி வைக்கிற பலகையான மதர்போர்டை மாற்றிக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து வீடியோக்காரர் தற்செயலாகத் திரையில் பார்க்கிறார், நாலு கோர் இருந்த இடத்தில் ரெண்டு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. நல்ல ப்ராசஸரை உருவிக்கொண்டு மட்டமானதை வைத்துவிட்டாள் என்று குடும்பமே பேசத் தொடங்கிவிட்டது.

"வாங்கினப்போ ரசீது இருக்குமே? அதுல எத்தனை கோர்னு போட்டிருக்குமே?" என்றார் துப்பறிவாளர்.

"மாமாகிட்டதான் வாங்கினேன். எங்க அக்காவுக்குக் கல்யாணமான புதுசு. சொந்தக்காரங்ககிட்ட ரசீது கேட்டா நல்லாவா இருக்கும்?"

"கேக்காததும் நல்லா இல்லையே தம்பி" என்றார் கண்டக்டர்.

கடைக்காரரின் மனைவி, கடைக்காரம்மா, குறுக்கே வந்தார். துப்பறிவாளரை அழைத்தது அவர்தான். குரலில் கறார் இருந்தாலும் கண் சிவந்திருந்தது. "மேடம், நேராவே சொல்லிடறேன். இவ எடுக்கலைன்னா சாயங்காலத்துக்குள்ள நிரூபிச்சுக் குடுங்க. எடுத்திருந்தா இன்னைக்கோட இவ கடைக்கு வர வேணாம். திருட்டுப் பட்டத்தோட வெளிய போனா இந்தத் தெருவுல எந்தக் கடையிலயும் இவளை மேஜைகிட்ட சேக்க மாட்டாங்க. அது எனக்கும் தெரியும். அதான் சும்மா துரத்தாம உங்களைக் கூப்பிட்டேன்."

எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு சின்ன பிரஷ்ஷை வைத்துக்கொண்டு மேஜை ஓரமாக நின்றாள்.

"நான் எடுக்கலை. அன்னிக்கு வந்த ப்ராசஸர்தான் இப்பவும் உள்ள இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் பிடிபடுகிறவர்கள் ஒன்று தரையைப் பார்ப்பார்கள், இல்லை ஜன்னலைப் பார்ப்பார்கள். இந்தப் பெண் தன் அண்ணனைப் பார்த்ததைக் கண்டக்டர் மனதில் குறித்துக்கொண்டார்.

அண்ணன்காரரோ மத்தளம்போல இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டிருந்தார். நெற்றியைத் துடைத்தார், பிறகு துடைத்த துணியை மடித்தார், மடித்ததை உதறினார். "என்னை என்ன பண்ணச் சொல்றீங்க மேடம்? ஒரு பக்கம் கூடப் பொறந்தவ, ஒரு பக்கம் மச்சினன். நாலுல ரெண்டு பூட்டிக்கிச்சுன்னா நான் யாரைக் குத்தம் சொல்றது?"

துப்பறிவாளரின் காதுக்குப் பின்னாலிருந்த பென்சில் கைக்கு வந்தது. எதுவும் எழுதாமல் மறுபடியும் காதுக்குப் போனது.

"தம்பி, உங்க இடத்தைப் பாக்கலாமா?" என்று வீடியோக்காரரைக் கேட்டார்.

வீடியோக்காரரின் அறை அடுத்த தெருவில் மாடியில் இருந்தது. நாலு சுவரிலும் முன்பின் தெரியாத மாப்பிள்ளைகளும் மணப்பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உட்கார ஒரே ஒரு நாற்காலிதான். அதில் கண்டக்டர் உட்கார்ந்துவிட்டார்.

"கம்ப்யூட்டர் கருகறதுக்கு முன்னாடி எப்படி ஓடிச்சு?" என்றார் துப்பறிவாளர்.

"வேகமாத்தான். ஆனா நடுவுல நின்னுடும். பொண்ணு சிரிக்க ஆரம்பிப்பா, அப்படியே நிக்கும். மறுபடியும் முதல்லேர்ந்து போடணும். நானும் கரண்டைக் குத்தம் சொன்னேன், ஒயரைச் சொன்னேன், கடைசியில என் ராசியைச் சொன்னேன். ஒரு வீட்டுல நேரத்துக்கு வீடியோ குடுக்க முடியாம அந்தப் பொண்ணோட அம்மா அழுதுட்டாங்க மேடம். வருஷக்கணக்கா இதே பொழப்புதான்."

"திரும்பி வந்ததுக்கு அப்புறம்?"

"கொஞ்சம் மெதுவு." வீடியோக்காரர் எதையோ யோசித்தார். "ஆனா..."

"ஆனா?"

"இந்த ஒரு வாரத்துல ஒரு தடவைகூட நிக்கலை."

கண்டக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். "இப்படி ஒரு திருடனை நான் கேள்விப்பட்டதே இல்லை. ரெண்டு பேரைக் கடத்திட்டு மிச்சம் ரெண்டு பேருக்கு ஒழுங்கா வேலை பாக்கக் கத்துக் குடுத்துட்டுப் போயிருக்கான்."

துப்பறிவாளர் படியிறங்கும்போது முணுமுணுத்தார். "திருட்டுன்னா குறையணும். இங்க ஒரு குறை தீர்ந்திருக்கு."

தெருவில் வெயில் ஏறியிருந்தது. கண்டக்டருக்குப் பசிக்கத் தொடங்கியது, பசித்தால் அவருக்கு வாய் இன்னும் நீளும்.

"அந்தப் பொண்ணு உள்ள என்னதான் மாத்துச்சு மேடம்?"

"மதர்போர்டு."

"அம்மாவையா? அம்மா மாறினா புள்ளைங்க எண்ணிக்கையா குறையும்? நல்ல குடும்பம் போங்க."

துப்பறிவாளர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"நல்ல குடும்பம்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"அம்மா மாறினா புள்ளைங்க எண்ணிக்கை குறையுமான்னேன். தப்பா மேடம்?"

"நாம இவ்வளவு நேரம் புள்ளைங்களையே தேடிட்டு இருக்கோம் கண்டக்டர். அம்மாவை யாருமே விசாரிக்கலை. வாங்க, இந்தக் கடைக்காரங்க பழைய போர்டெல்லாம் எங்க வாங்குவாங்கன்னு பாப்போம்."

கடைவீதியின் கோடியில் பழைய பாகங்கள் விற்கும் சந்து இருந்தது. அங்கே எதைக் கேட்டாலும் எல்லோரும் கை காட்டிய ஆள் ஒருவர்தான். கொட்டிக் கிடக்கிற குப்பையிலிருந்து நல்லதைச் சலித்தெடுப்பதால் அவருக்குச் சல்லடை என்று பெயர். தட்டு அடுக்குவதைப்போல மதர்போர்டுகளை அடுக்கி வைத்து நடுவில் உட்கார்ந்திருந்தார். துப்பறிவாளர் கடைக்காரரின் பெயரைச் சொன்னதுமே தலையில் கை வைத்தார்.

"அவரா? ஆள் வீணாப் போயிட்டார்மா. மச்சினன் மெஷின் கருகிப்போச்சுன்னு ஒரே ஒரு பழைய மாடல் போர்டைக் கேட்டுத் தினம் வந்து நின்னார். அதே விலைக்குப் புது மாடல் இருக்கு, உறுதியானதுன்னு நானும் சொல்லிப் பாத்தேன். வேணாம், அதேதான் வேணும்னார். அவர் கடையிலயே புதுசு அடுக்கி வெச்சிருக்கார், கேளுங்க."

"அந்தப் பழசுல அப்படி என்ன விசேஷம்?"

"பூட்டைத் திறக்கும்."

கண்டக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எந்த வீட்டுப் பூட்டு?"

"ப்ராசஸர் பூட்டுங்க. கம்பெனியில நாலு கோர் வெச்சு ஒரு ப்ராசஸர் செய்வாங்க. சோதிச்சுப் பாக்கறப்போ ஒண்ணு ரெண்டு சரியில்லைன்னா, அதைப் பூட்டி வெச்சுட்டு, ரெண்டு கோர்னு விலையைக் குறைச்சு வித்துடுவாங்க. சில சமயம் நல்லா இருக்கறதையும் பூட்டுவாங்க. நாம வாங்கினதுல உள்ள இருக்கறது நல்லதா கெட்டதான்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. சில போர்டுல மட்டும் அந்தப் பூட்டைத் திறக்க வசதி இருக்கு. திறந்தா நாலுன்னு காட்டும். ராசி இருந்தா நாலும் உழைக்கும். இல்லைன்னா அவசரத்துல காலை வாரும்."

"அதாவது ரெண்டு டிக்கெட் வாங்கிட்டு நாலு பேர் ஏறிட்டாங்க" என்றார் கண்டக்டர்.

"அதேதான். அது போதாதுன்னு சில பேர் வேகத்தையும் ஏத்துவாங்க. அப்போ கரண்டைத் தாங்கற பாகம் கெட்டியா இருக்கற போர்டாப் பாத்து எடுக்கணும். மட்டமான போர்டுல அந்த விளையாட்டு விளையாடினா ஒருநாள் கருகிப்போகும்."

கருகிய வாடை என்று காலையில் கேட்டது கண்டக்டரின் மூக்கிலேயே இப்போது ஏறியது. "அந்தப் பழைய போர்டு அவருக்குக் கெடைச்சுதா?"

"சலிச்சுச் சலிச்சு ஒண்ணைத் தேடி எடுத்தேன். வாங்கிட்டு வரச் சொல்லி அவர் தங்கச்சியை அனுப்பினார். அந்தப் பொண்ணு ஒரு கையில பழசையும் இன்னொரு கையில புதுசையும் வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்புறம் பழசை என்கிட்டயே வெச்சுட்டுப் புதுசை எடுத்துட்டுப் போயிடுச்சு. இதோ இருக்கு பாருங்க."

கண்டக்டருக்குப் பசி போய்விட்டது. அந்தப் பெண் நிரபராதி என்று அவர் காலையிலேயே மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டிருந்தார். இப்போது பார்த்தால் அவள் தெரிந்தே செய்திருக்கிறாள்.

"மேடம், அப்போ நாலை ரெண்டாக்கினது அந்தப் பொண்ணுதானா?"

"ஆமா" என்றார் துப்பறிவாளர். பழைய போர்டைச் சல்லடையிடம் இரவல் கேட்டு வாங்கிக் கண்டக்டரின் கையில் கொடுத்தார். "புள்ளை மாதிரி பிடிங்க. கடைக்குப் போவோம்."

கடையில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். தங்கை தன் கருவிகளை ஒரு பைக்குள் வைத்துவிட்டிருந்தாள். கண்டக்டர் ஏந்தி வந்த போர்டைப் பார்த்ததும் கடைக்காரருக்குத் திருடனைத் தேள் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. கத்தவும் முடியவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை.

"அதே ப்ராசஸரை இந்த போர்டுல மாட்டும்மா" என்றார் துப்பறிவாளர்.

தங்கை ப்ராசஸரைக் கழற்றிப் பழைய போர்டில் மாட்டினாள். ப்ராசஸரின் தலையில் அப்பியிருந்த, சூட்டைக் கடத்துகிற பசையைத் துடைத்து, புதுப் பசை தடவி, மின்விசிறியைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டாள். எல்லோரும் திரையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். வீடியோக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தார்.

"ரெண்டு."

கண்டக்டர் குனிந்து தானும் ஒரு தடவை படித்துப் பார்த்தார். சல்லடை சொன்ன கதையெல்லாம் பொய்யா?

கடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் இது பிடிக்கவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. "எந்த போர்டுல போட்டாலும் ரெண்டுதான் காட்டுது. அப்போ ப்ராசஸர் மாறித்தான் இருக்கு. சரிம்மா, பையை எடுத்துக்கோ."

கண்டக்டர் தன் முதலாளியம்மாவைப் பார்த்தார். ஏதாவது சொல்லுங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார். துப்பறிவாளர் கைகளைக் கட்டிக்கொண்டு, தொடர்வண்டிக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். விசைப்பலகை தங்கையின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. காலையில் பார்த்த மாதிரியே அண்ணனைப் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

"இரு" என்றார் கடைக்காரர்.

குரல் அவருடையது மாதிரியே இல்லை. முன்னால் வந்து கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் போட்டார். திரை கண் விழிக்கிற நேரத்தில் ஒரு விசையை அழுத்தினார். நீல நிறத்தில் ஏதோ பட்டியல் வந்தது. வீட்டுக்குள் வழி தெரிந்தவர் இருட்டில் நடப்பதுபோல விரல்கள் மேலும் கீழும் போயின. ஒரு வரியில் நின்றன. அழுத்தினார். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடியும் எழுந்தது.

நாலு.

"இது... இது எப்படி மாமா?" என்றார் வீடியோக்காரர்.

கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார். "உனக்கு நான் குடுத்தது ரெண்டு கோர்தான் மாப்ளே. கல்யாணமான புதுசு. உங்க வீட்டுல என்னைப் பெரிய ஆளா நெனைக்கணும்னு ஒரு ஆசை. ரெண்டோட விலைக்கு நாலு தர்றேன்னு ஜம்பமாச் சொல்லிட்டேன். பூட்டைத் திறந்து, வேகத்தையும் ஏத்தி, குடுத்துட்டேன். நீ நிக்குது நிக்குதுன்னு வந்து நின்னப்பெல்லாம் எனக்குக் காரணம் தெரியும். நாலுன்னு சொன்ன வாயால ரெண்டுன்னு சொல்ல வரலை. கடைசியில போர்டே கருகிடுச்சு."

"அப்போ என் ராசி?"

"உன் ராசி நல்ல ராசிப்பா. மூணாவது கோர்தான் சரியில்லை."

துப்பறிவாளர் இப்போதுதான் வாயைத் திறந்தார். "காலையில எல்லாரும் பேசினதைக் கேட்டேன். காணோம்னார் ஒருத்தர், எடுத்துட்டான்னாங்க இன்னொருத்தர். நீங்க மட்டும் பூட்டிக்கிச்சுன்னீங்க. திருட்டுப் போன சாமான் பூட்டிக்காதுங்க. அது உள்ளயே இருக்குன்னு தெரிஞ்சவர் வாயிலதான் அந்த வார்த்தை வரும்."

"நுணலும் தன் வாயால் கெடும்" என்றார் கண்டக்டர். கடைக்காரரின் முகத்தைப் பார்த்ததும், ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது அவருக்கு.

கடைக்காரம்மா கணவரிடம் போகவில்லை. நாத்தனாரிடம் போனார். "உனக்கு எப்போ தெரியும்?"

"போர்டை வாங்கப் போனப்பவே அண்ணி. அண்ணன் கேட்ட பழசைக் கையில எடுத்ததும் புரிஞ்சிடுச்சு. அதைப் போட்டிருந்தா உங்க தம்பிக்கு மறுபடியும் நாலு தெரியும். மறுபடியும் நிக்கும். ஒருநாள் அந்த போர்டும் கருகும். அவர் தன்னையே நொந்துக்கிட்டு இருப்பார். அதான் புதுசை எடுத்தேன். அண்ணன்கிட்டயும் சொன்னேன், நீயே அவங்ககிட்ட சொல்லிடுன்னு. சொல்றேன்னுச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. திருடின்னு பேர் வாங்கிட்டு இப்படி வாயை மூடிட்டு நிப்பியா?"

காலையிலிருந்து கல் மாதிரி நின்றவளுக்கு இப்போதுதான் கண் நிறைந்தது. "நான் சொன்னா அண்ணனைக் காட்டிக்குடுத்ததா ஆகும். அண்ணனே சொல்லும்னு இருந்தேன். கடைசி வரைக்கும் இருந்தேன்."

கடைக்காரர் தலை நிமிரவில்லை. மனைவி திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தத் திட்டும் விழவில்லை. வீடியோக்காரர் புது போர்டைத் தங்கை பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"இதையே மறுபடியும் மாட்டிக் குடுங்க. நிக்காத ரெண்டு போதும்."

தங்கை பையை இறக்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. போகாதே என்று சொல்கிற தைரியம் அங்கே யாருக்கும் வரவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கியபடி உள்ளே எட்டிப் பார்த்தார். ஆபீஸிலிருந்து நேராக வந்தவர் போலிருந்தது.

"இங்க ரெண்டு கோர் விலையில நாலு கோர் கெடைக்கும்னு சொன்னாங்க. அதுக்கு ஏத்த மதர்போர்டும் நீங்களே பாத்துத் தருவீங்களாமே?"

கடை முழுக்கக் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்தார். பழக்கதோஷத்தில் முகத்தில் வியாபாரச் சிரிப்பு பாதி வந்தது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. பல வருஷங்களாக அவர் உட்கார்ந்திருந்த கல்லாவைவிட்டு வெளியே வந்து, கையால் ரிப்பேர் மேஜையைக் காட்டினார்.

"அப்படிக் கெடைக்காதுங்க. நாந்தான் தப்பாச் சொல்லி வித்திருக்கேன்." தங்கை பக்கம் திரும்பினார். "என் தங்கச்சியைக் கேளுங்க. இந்தக் கடையில எது நல்லது, எது இல்லைன்னு இனிமே அவதான் சொல்லுவா. அவ இருக்கேன்னு சொன்னா."

வந்தவர் ஒன்றும் புரியாமல் தங்கையிடம் திரும்பினார். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அண்ணனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, வந்தவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க" என்றாள். "முதல்ல சொல்லுங்க, என்ன வேலைக்கு வேணும்?"